வீட்டில் மின்சாரம் போனால் சர்வரில் நிரல் ஏன் சாகிறது?

பழைய அகராதி ஒன்றின் ஸ்கேன் படங்கள் என்னிடம் இருந்தன. மொத்தம் 1,140 பக்கம். அவற்றை எழுத்தாக மாற்ற டெசராக்ட் என்ற இலவச நிரல் இருக்கிறது, தமிழும் படிக்கும். ஆனால் என் மடிக்கணினியில் அதை ஓடவிட்டால் தோசைக்கல்போலச் சூடாகிவிடும். ஆகவே மாத வாடகைக்கு எடுத்திருந்த சர்வரில் இரவு எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கினேன். பக்கத்துக்கு ஒரு வரியாகத் திரையில் ஓடுவதைச் சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனேன். ஒன்பதரைக்குத் தெருவோடு மின்சாரம் போயிற்று. மடிக்கணினிக்குப் பேட்டரி உண்டு, மோடத்துக்குக் கிடையாது. நான் கவலைப்படவில்லை. வேலை நடப்பது என் வீட்டிலா? சிங்கப்பூரில் எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில். அங்கே மின்சாரம் இருக்குமே என்று படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் 214 பக்கத்தோடு வேலை நின்றிருந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. நிரல் ஏன் நின்றது என்பதற்குச் சுவடே இல்லை.

இதில் ஒரு விநோதமும் இருந்தது. அந்த நிரலுக்குப் பக்கம் ஒன்றுக்கு அரை நிமிடம் பிடிக்கும். எட்டிலிருந்து ஒன்பதரை வரை 90 நிமிடம். 180 பக்கம் முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்ததோ 214. அப்படியானால் மின்சாரம் போன பிறகும் அது பதினேழு நிமிடம் உயிரோடு இருந்துவிட்டுத்தான் செத்திருக்கிறது. உடனே செத்திருந்தால் புரியும். சாகாமலே இருந்திருந்தாலும் புரியும். இந்தப் பதினேழு நிமிடம் என்ன கணக்கு? தொலைவிலுள்ள கணினியில் நிரல்களை மேய்க்கும் வேலையில் முக்கால்வாசி இந்தக் கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

தொடங்குவதற்கு முன் ஒரு வார்த்தை. கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பை வைத்து எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும். பேசுவது லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் சர்வரைப் பற்றி.

பிரதியும் கூத்தும்

வட்டில் கோப்பாகக் கிடக்கும் நிரல் ஒரு கூத்துப் பிரதி மாதிரி. அது தானாக எதையும் செய்யாது. அதை எடுத்து மேடையேற்றும்போதுதான் கூத்து. ஒரே பிரதியை ஒரே இரவில் இரண்டு ஊரில் ஆடலாம். ஓர் ஊரில் மழை வந்து பாதியில் நின்றாலும் மற்ற ஊரில் விடியவிடிய நடக்கும். அதேபோல ஒரே நிரல் ஒரே கணினியில் பத்துத் தடவை ஓடிக்கொண்டிருக்கலாம். அப்படி ஓடும் ஒவ்வொன்றையும் பிராசஸ் என்கிறார்கள். ‘செயல்முறை’ என்று தமிழாக்குவோர் உண்டு. சமையல் குறிப்புக்கும் அதுதான் தலைப்பு என்பதால் நான் பிராசஸ் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு பிராசஸுக்கும் ஓர் எண் கிடைக்கும், பிஐடி என்பார்கள். கணினி தொடங்கும்போது எழும் முதல் பிராசஸுக்கு எண் 1. மற்றவை யாவும் இன்னொன்றால் பெறப்பட்டவை. ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு தாய் உண்டு. இந்த வம்சாவளிதான் நம் கதைக்கு முக்கியம்.

நான் வீட்டிலிருந்து சர்வருக்குள் நுழைவது எஸ்எஸ்எச் வழியாக. தொலைவிலுள்ள கணினிக்குள் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி நுழைய உதவும் நிரல் அது. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடிவிட, அங்கிருந்த தாத்து யூலோனென் எழுதியது அது. அதற்குமுன் இருந்த டெல்நெட்டில் கடவுச்சொல் மறைப்பு ஏதுமின்றி அப்படியே கம்பியில் போகும். நான் உள்ளே நுழைந்ததும், சர்வரில் இருக்கும் எஸ்எஸ்எச் எனக்கென்று ஒரு ஷெல்லைப் பெற்றுத் தருகிறது. ஷெல் என்பது நான் தட்டும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரல். நான் டெசராக்டை ஓடவிட்டால் ஷெல் அதைப் பெறுகிறது. எஸ்எஸ்எச், ஷெல், டெசராக்ட்: பாட்டி, தாய், பிள்ளை.

நிரல் ஓடுவது சிங்கப்பூரில்தான். ஆனால் அதன் தாய், என் வீட்டிலிருந்து போகும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் கவனிக்கத் தவறியது இதைத்தான்.

தொலைபேசியை வைத்துவிட்டார்கள்

லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் பிறந்த காலத்தில் கணினியோடு பேச உதவியவை டெலிடைப் இயந்திரங்கள். தட்டச்சுப் பொறிபோல இருக்கும். விடை காகிதத்தில் அச்சாகும். அந்தப் பெயரின் சுருக்கமான டிடிஒய் இன்றைக்கும் லினக்ஸில் முனையத்தின், அதாவது கட்டளை தட்டும் திரையின், பெயராக இருக்கிறது. தொலைவிலிருப்பவர்கள் மோடம் வைத்துத் தொலைபேசி வழியாக இணைவார்கள். பயனர் தொலைபேசியை வைத்துவிட்டால் இணைப்பு போய்விடும். அவர் ஓடவிட்ட நிரல்கள் ஆளில்லாமல் ஓடி, அன்றைக்குப் பொன்போலிருந்த கணினி நேரத்தைத் தின்னக் கூடாதல்லவா? அதனால் ஓர் ஏற்பாடு செய்தார்கள். இணைப்பு அறுந்ததும் அந்த முனையத்தைச் சேர்ந்த பிராசஸ்களுக்கு ‘ஹேங்கப்’ என்ற சமிக்ஞை போகும். ‘தொலைபேசியை வைத்துவிட்டார்கள்’ என்று பொருள். அதை வாங்கிய நிரல் வேறு ஏற்பாடு செய்துகொண்டிராவிட்டால் செத்துவிடும்.

டெலிடைப் போய்விட்டது, தொலைபேசி மோடமும் போய்விட்டது. ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது. எஸ்எஸ்எச் இணைப்பு முறிந்தால் சர்வர் அதைத் தொலைபேசியை வைத்ததாகவே எடுத்துக்கொள்கிறது. ஷெல்லுக்கு ஹேங்கப் வருகிறது. அது தன் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிவிட்டுச் சாகிறது.

அப்படியானால் பதினேழு நிமிடம்? என் மோடம் அணைந்தபோது அது சர்வரிடம் ‘போய்வருகிறேன்’ என்று சொல்லிக்கொண்டு போகவில்லை. சர்வருக்கு ஒன்றும் தெரியாது. டெசராக்ட் அடுத்த பக்கத்தை முடித்து ஒரு வரி எழுதியது. சர்வர் அதை என் வீட்டுக்கு அனுப்பியது. பெற்றுக்கொண்டதாகப் பதில் வரவில்லை. வழியில் தொலைந்திருக்கும் என்று மறுபடி அனுப்பியது. பிறகு இடைவெளியைக் கூட்டிக் கூட்டி மறுபடி, மறுபடி. லினக்ஸின் இயல்பான அமைப்பில் இந்த முயற்சி ஏறக்குறைய கால் மணி நேரம் நீடிக்கும். அதன் பிறகுதான் ‘மறுமுனையில் ஆளில்லை’ என்று கைவிடும். அந்த நொடியில் ஹேங்கப். அதுவரை டெசராக்ட் விவரம் தெரியாமல் 34 பக்கம் படித்திருக்கிறது, பாவம்.

கொஞ்சம் சிந்தித்தால் இன்னொன்றும் புரியும். நிரல் திரையில் எதுவும் எழுதாமல் மௌனமாக வேலை செய்திருந்தால், அனுப்புவதற்கு ஒன்றும் இல்லாததால் சர்வருக்கு வெகுநேரம் சந்தேகமே வந்திருக்காது. ‘அன்றைக்கு அறுந்தும் ஓடியதே, இன்றைக்கு ஏன் நின்றது?’ என்று பலர் குழம்புவது இதனால்தான்.

காதைப் பொத்துவதும் தாயை மாற்றுவதும்

நோய் தெரிந்துவிட்டது. மருந்து இரண்டு விதம்.

முதலாவது, நிரலின் காதைப் பொத்துவது. நோஹப் என்று ஒரு கட்டளை உண்டு. என், ஓ, எச், யூ, பி. ‘ஹேங்கப் கேட்காதே’ என்பதன் சுருக்கம். ஓடவிட வேண்டிய கட்டளைக்கு முன்னால் இதைத் தட்டி, வரியின் கடைசியில் ஆங்கில ‘அண்டு’ (&) குறியைப் போட்டால் நிரல் பின்னணிக்குப் போய்விடும். ஹேங்கப் வந்தாலும் கண்டுகொள்ளாது. திரைக்குப் போக வேண்டிய வரிகள் நோஹப்.அவுட் என்ற கோப்பில் சேரும். ஐந்து நிமிட வேலை என்று தொடங்கியது ஐந்து மணி நேரமாகும் போலிருக்கிறது, நோஹப் போட மறந்துவிட்டோம் என்றாலும் வழி உண்டு. கண்ட்ரோலோடு இஸட் தட்டினால் நிரல் உறைந்து நிற்கும். பிஜி (bg) என்றால் பின்னணியில் தொடரும். பிறகு டிஸ்ஓன் (disown) என்றால் ஷெல் ‘இது என் பிள்ளை இல்லை’ என்று கைகழுவிவிடும். ஆனால் அந்த நிரல் இன்னும் பழைய திரைக்கே எழுத முயன்றுகொண்டிருக்கும். திரை போன பிறகு எழுதப் போய்ப் பிழை வாங்கிச் செத்துப்போகிற நிரல்கள் பல. அவசரத்துக்கு உதவுமே தவிர நம்பக் கூடாது.

இரண்டாவது வழிதான் நான் அன்றாடம் பயன்படுத்துவது: கயிற்றைப் பிடிக்காத ஒரு தாயிடம் நிரலைக் கொடுத்துவிடுவது. அந்தத் தாயின் பெயர் டீமக்ஸ்; டி, எம், யூ, எக்ஸ் (tmux). 2007இல் நிக்கோலஸ் மேரியட் எழுதி வெளியிட்டார். இதே வேலையைச் செய்யும் ஸ்க்ரீன் என்ற நிரல் 1987இலேயே பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்துவிட்டது. நான் டீமக்ஸுக்குப் பழகியவன். ஸ்க்ரீனோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை.

டீமக்ஸ் சர்வரிலேயே ஒரு பொய்த் திரையை உருவாக்கி வைத்துக்கொள்கிறது. நிரல் அந்தத் திரைக்கு எழுதுகிறது. நான் பார்ப்பது அந்தத் திரையின் பிம்பத்தை மட்டும். பிம்பம் போனாலும் திரை அங்கேயே இருக்கும். நிரலுக்கு எந்த மாற்றமும் தெரியாது. ஹேங்கப் வந்தால் சாவது பிம்பம் காட்டிக்கொண்டிருந்த சிறு பிராசஸ் மட்டுமே.

செய்து பார்ப்பது எளிது. சர்வருக்குள் நுழைந்து டீமக்ஸ் நியூ, இடைவெளி, சிறுகோடு எஸ், பிறகு அகராதி என்றோ வேறெதுவாகவோ ஒரு பெயர். கீழே பச்சை நிறத்தில் ஒரு பட்டை தோன்றினால் உள்ளே வந்துவிட்டோம் என்று பொருள். வேலையைத் தொடங்குங்கள். போதும் என்றால் கண்ட்ரோலோடு பி (b) தட்டிக் கையை எடுத்துவிட்டு, டி (d) மட்டும் தட்டுங்கள். பட்டை மறையும், பழைய முனையம் திரும்பும். இப்போது வெளியேறலாம், மடிக்கணினியை மூடலாம், பஸ் ஏறலாம். மறுநாள் வேறு ஊரிலிருந்து நுழைந்து டீமக்ஸ் அட்டாச், சிறுகோடு டி (t), அதே பெயர். வரிகள் இடையில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். முதல் முறை பார்க்கும்போது ஒரு சிறு கிளர்ச்சி ஏற்படத்தான் செய்யும். ஒரு சோதனையும் செய்து பாருங்கள்: டீமக்ஸுக்குள், ஓடும் பிராசஸ்களைக் காட்டும் டாப் (top) என்ற கட்டளையைத் தட்டி ஓடவிட்டு, முனையச் சாளரத்தை வேண்டுமென்றே மூடிவிடுங்கள். திரும்பி வந்து ஒட்டிக்கொண்டால் டாப் அசராமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு முறை ஆபத்து வந்தது. பல லினக்ஸ் வகைகளில் எண் 1 என்ற ஆதித்தாயாக இருக்கும் சிஸ்டம்டி, 2016இல் வந்த தன் 230ஆம் பதிப்பில், பயனர் வெளியேறியதும் அவருடைய எல்லாப் பிராசஸ்களையும் கொன்றுவிடுவதை இயல்பாக்கியது. டீமக்ஸும் அதில் அடிபட்டது. பெரிய கூச்சல் கிளம்பியது. டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளை வெளியிடுபவர்கள் தங்கள் பதிப்பில் அதை முன்புபோல மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

சர்வரே மறுதொடக்கம் ஆனால் டீமக்ஸும் போய்விடும். வருடம் முழுக்க ஓட வேண்டிய இணையதளம், தரவுத்தளம் போன்றவற்றை நேரடியாக ஆதித்தாயிடமே கொடுத்துவிடுவது முறை. பத்து வரியில் ஒரு கோப்பு எழுதி, ‘இதை ஓடவிடு, விழுந்தால் தூக்கிவிடு’ என்று சிஸ்டம்டியிடம் சொல்லிவிடலாம். அது தனிக் கட்டுரைக்கான விஷயம். நிரந்தர வேலையை டீமக்ஸுக்குள் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அவர்களில் ஒருவன்.

என்ன நடக்கிறது அங்கே

தொலைவிலுள்ள கணினியின் விசிறிச் சத்தம் நமக்குக் கேட்காது. தொட்டுப் பார்க்கவும் முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்க உதவுபவை பிஎஸ் (ps), டாப் என்ற இரண்டு கட்டளைகள். பிஎஸ் ஒரு புகைப்படம்: அந்த நொடியில் ஓடுபவற்றின் பட்டியல். டாப் நேரலை: சில விநாடிக்கு ஒரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், கியூ தட்டினால் விடும்.

டாப்பின் முதல் வரியைப் படிக்கப் பழகினால் போதும், பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். அந்த வரியின் கடைசியில் மூன்று எண்கள் இருக்கும். கடந்த 1, 5, 15 நிமிடங்களில் சராசரியாக எத்தனை பிராசஸ்கள் வேலை வேண்டி நின்றன என்பது அது. என்னுடைய சர்வரின் செயலிக்கு இரண்டு மையங்கள் (கோர்); ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் செய்யும். ஆகவே 2 என்றால் முழு வேலை, 6 என்றால் ரேஷன் கடை வரிசை. ஒரு நாள் நுழைந்தபோது 0.45, 1.48, 1.81 என்றிருந்தது. கால் மணி நேரமாக நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சில கணங்களுக்கு முன்தான் நின்றிருக்கிறது என்று அந்த மூன்று எண்களே சொல்லிவிட்டன. எது என்று பிறகுதான் தேடினேன்.

கீழே உள்ள பட்டியலில் ஒரு பிராசஸ் 190 சதவீதம் என்று காட்டினால் பயப்பட வேண்டாம். ஒரு மையம்தான் 100. இரண்டு மையத்தையும் பிடித்திருக்கிறது, அவ்வளவே. பெரிய எம் தட்டினால் நினைவகத்தை அதிகம் தின்பவை மேலே வரும். வாடகைச் சர்வர்களில் நிரல்கள் ‘காரணமின்றி’ மறைவதற்கு ஹேங்கப்புக்கு அடுத்த காரணம் இதுதான். நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் தானே ஒரு பிராசஸைப் பலி கொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றும். பெரும்பாலும் அதிகம் தின்பதுதான் பலியாகும். டிமெசேஜ் என்ற கட்டளையின் வெளியீட்டில் அந்தக் கொலைக்குச் சாட்சி இருக்கும். தட்டும்போது எழுத்துகள் டி, எம், இ, எஸ், ஜி (dmesg) மட்டும்.

வேலை அவசரமில்லை, ஆனால் அதே சர்வரில் இணையதளமும் ஓடுகிறது என்றால் நைஸ் என்ற கட்டளையோடு தொடங்குங்கள். ‘நல்ல பிள்ளை’ என்று பெயர். எண் கூடக்கூட மற்றவர்களுக்கு வழிவிடும். 19 வைத்தால் பரம சாது.

கில் என்றால் கொலை அல்ல

நிரலை நிறுத்தும் கட்டளைக்குக் கில் என்று பெயர் வைத்தது குழப்பத்தின் தொடக்கம். அது உண்மையில் ஒரு தபால்காரர். கொடுத்த சமிக்ஞையைக் கொடுத்த எண்ணுக்குக் கொண்டு சேர்க்கும். சமிக்ஞைகளுக்கு எண் உண்டு. நாம் பார்த்த ஹேங்கப் எண் 1. கண்ட்ரோலோடு சி தட்டும்போது போவது 2. கில் என்று மட்டும் சொல்லிப் பிஐடியைக் கொடுத்தால் போவது 15. ‘முடித்துக்கொள்’ என்ற வேண்டுகோள் அது. நல்ல நிரல் அதை வாங்கியதும் திறந்த கோப்புகளை மூடி, பாதியில் இருக்கும் எழுத்தை முடித்து, தற்காலிகக் கோப்புகளைத் துடைத்துவிட்டுப் போகும்.

9 அப்படியல்ல. அது நிரலிடம் போய்ச் சேருவதே இல்லை. இயங்குதளமே நிரலை அந்த இடத்தில் இல்லாமல் செய்துவிடும். மூடுவதும் துடைப்பதும் கிடையாது. பழைய மன்றங்களில் எதற்கெடுத்தாலும் ‘கில் -9 போடு’ என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தரவுத்தளத்துக்கு அதைப் போட்டால் அடுத்த முறை அது எழும்போது நீண்ட நேரம் காயத்தை நக்கிக்கொண்டிருக்கும். முதலில் 15. அரை நிமிடம் பொறுங்கள். அசையாவிட்டால் மட்டும் 9.

9க்கும் அசையாதவை இரண்டு. ஒன்று, டாப்பில் இஸட் என்ற எழுத்தோடு தெரியும் ஸாம்பி. அது ஏற்கெனவே செத்துவிட்டது. தாய் வந்து மரணத்தைப் பதிவு செய்யாததால் பட்டியலில் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செத்ததைக் கொல்ல முடியாது. தாயைத்தான் கவனிக்க வேண்டும். இன்னொன்று டி (D) என்ற எழுத்தோடு இருப்பது. வட்டிலிருந்தோ வலைவழி வட்டிலிருந்தோ பதிலுக்குக் காத்து, எழுப்ப முடியாத உறக்கத்தில் இருக்கிறது. அங்கே பழுது நிரலில் இருக்காது, வட்டில்தான் இருக்கும்.

எண்ணுக்குப் பதில் பெயரைச் சொல்லிக் கொல்லக் கில்ஆல் என்ற கட்டளை உண்டு. லினக்ஸில் அது சொன்ன பெயருள்ளவற்றை மட்டும் கொல்லும். சொலாரிஸ் என்ற யூனிக்ஸில் அதே பெயருடைய கட்டளை எல்லாவற்றையும் கொல்லும். பெயருக்குச் சரியாகத்தான் நடந்துகொள்கிறது. எந்தக் கொலைக்கும் முன் ஹோஸ்ட்நேம் என்று தட்டி எந்தக் கணினியில் இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று முனையங்கள் ஒன்றுபோலக் கறுப்பாகத் திறந்திருக்கும்போது, தன் மடிக்கணினி என்று நினைத்துச் சர்வரில் வேலையைக் காட்டுவது எல்லாருக்கும் ஒரு முறையாவது நடக்கும்.

கொல்லத் துடிக்கும் முன் கண்ட்ரோலோடு கியூவையும் ஒரு முறை தட்டிப் பாருங்கள். சேமிக்கும் பழக்கத்தில் கண்ட்ரோலோடு எஸ் தட்டியிருப்பீர்கள். முனையத்தில் அதற்கு ‘திரையை நிறுத்து’ என்று பொருள். அதுவும் பழைய முனையங்கள் விட்டுப்போன சொத்துதான். நிரல் நலமாகவே இருக்கும், திரைதான் உறைந்திருக்கும்.

விண்டோஸ் சர்வரில் தொலைமேசை (ரிமோட் டெஸ்க்டாப்) வழியாக வேலை செய்பவர்களுக்கும் இதே கதைதான், உடை வேறு. சாளரத்தை மூடினால் துண்டிப்பு மட்டும். நிரல்கள் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். ‘சைன் அவுட்’ கொடுத்தால் எல்லாம் மூடப்படும்.

என் அகராதிக்கு வருகிறேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, டீமக்ஸுக்குள், 215ஆம் பக்கத்திலிருந்து ஓடவிட்டேன். பகலில் இரண்டு முறை மின்சாரம் போனது. நாலே முக்காலுக்கு ஒட்டிப் பார்த்தபோது கடைசி வரியில் 1140 என்று நின்றிருந்தது. கோப்பைத் திறந்தால் ‘ர’ இருக்க வேண்டிய பாதி இடங்களில் துணைக்கால் உட்கார்ந்திருந்தது. அதைத் திருத்தத்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.